இரண்டு சொகுசுக் கப்பல்களும் ஒரு பென்ஷன் சட்டமும்

1991 நவம்பர் 5. கேனரி தீவுகளுக்குப் பக்கத்தில் அட்லாண்டிக் கடல். 'லேடி கிலேன்' என்ற சொகுசுக் கப்பலில் பயணம் செய்த ஒரு கோடீஸ்வரரைக் காலையில் காணோம். கேபினில் இல்லை, டெக்கில் இல்லை. சாயங்காலம் கடலில் மிதந்துகொண்டிருந்தார். வழுக்கி விழுந்தாரா, குதித்தாரா, மாரடைப்பா, யாராவது தள்ளிவிட்டார்களா என்று இன்றுவரை ஆளுக்கொரு தியரி வைத்திருக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். அவர் விழுந்ததில் மர்மம் இருக்கலாம். அவரோடு சேர்ந்து முழுகிய 40 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட பென்ஷன் பணத்தில் ஒரு மர்மமும் இல்லை. எல்லாவற்றுக்கும் கையெழுத்து இருக்கிறது.

ஆள் யார் என்று தெரிந்திருக்கும். ராபர்ட் மாக்ஸ்வெல், லண்டன் 'டெய்லி மிரர்' பத்திரிகையின் முதலாளி. மறுநாள் மிரர், தன்னைக் காப்பாற்றிய மனிதர் போய்விட்டார் என்று முதல் பக்கத்தில் கண்ணீர் விட்டது. ஜெருசலேமில் ஆலிவ் மலையில் அடக்கம். இஸ்ரேலின் ஜனாதிபதி, பிரதமர் எல்லாம் வந்திருந்தார்கள். ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதே மிரர், அதே முதல் பக்கத்தில், எங்கள் கோடிகளைக் காணோம் என்று தலைப்புப் போட்டது!

மாக்ஸ்வெலைத் திட்டுவது சுலபம். ஆனால் கதையின் முதல் பாதியைப் படித்தால் நமக்கே கைதட்டத் தோன்றும். 1923ல் செக்கோஸ்லோவாகியாவின் ஒரு மூலையில் பரம ஏழையாகப் பிறந்த யூதப் பையன். குடும்பத்தில் பெரும்பாலானவர்களை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். தப்பி வந்து பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து, வீரத்துக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் வாங்கினார். பெயரை மாற்றிக்கொண்டு, விஞ்ஞான சஞ்சிகைகள் போட்டுப் பணம் பார்த்தார். தொழிலாளர் கட்சி எம்.பி.யாகவும் ஆனார். ஆக்ஸ்போர்டில் ஒரு பிரம்மாண்ட மாளிகையில் குடியிருந்தார். அது நகராட்சியிடம் வாடகைக்கு எடுத்தது. நாட்டிலேயே உசத்தியான நகராட்சிக் குடியிருப்பு தன்னுடையதுதான் என்று அவரே ஜோக் அடிப்பார். அடுத்தவர் சொத்தில் சௌகரியமாக வாழ்வதில் அப்போதே நல்ல பயிற்சி.

1971ல் அரசாங்க ஆய்வாளர்கள் அவருடைய கம்பெனிக் கணக்கைக் குடைந்தார்கள். பொதுமக்கள் ஷேர் வாங்கும் ஒரு கம்பெனியை நிர்வகிக்க இந்த மனிதரை நம்ப முடியாது என்று பச்சையாக எழுதி, அச்சடித்து வெளியிட்டார்கள். வேறு யாராவதாக இருந்தால் வெட்கப்பட்டு ஊரைவிட்டே போயிருப்பார். இவர் பத்து வருஷம் பொறுத்திருந்து ஒரு பெரிய அச்சகக் கம்பெனியைப் பிடித்தார், 1984ல் மிரரையும் வாங்கிவிட்டார். பிறகு மிரர் வாசகர்கள் அடிக்கடி பார்த்த முகம் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிவாரண விமானம் போனால், மூட்டைகளோடு முதலாளியும் போனார். உதவி உண்மையான உதவிதான். ஃபோட்டோவும் உண்மையான ஃபோட்டோதான்.

அவரை ஆட்டிவைத்த பேய்க்கு ரூப்பர்ட் முர்டாக் என்று பெயர். அறுபதுகளின் கடைசியில் மாக்ஸ்வெல் ஆசைப்பட்ட பத்திரிகைகளை முர்டாக் தட்டிக்கொண்டு போனார். அவன் அமெரிக்காவில் கடை போட்டால் நானும் போடுவேன் என்று 1988ல் 260 கோடி டாலருக்கு மாக்மில்லன் பதிப்பகத்தையும், 75 கோடி டாலருக்கு விமான நேர அட்டவணை போடும் ஒரு நிறுவனத்தையும் வாங்கினார். எல்லாம் கடன். ஏரோப்ளேன் கிளம்பும் நேரத்தைத் தெரிந்துகொள்ள 75 கோடி டாலர் கொடுத்த ஒரே மனிதர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

கடன்காரர்கள் கதவைத் தட்டினார்கள். கம்பெனி ஷேர் விலை விழ ஆரம்பித்தது. விழாமல் தாங்க, தன் கம்பெனி ஷேரைத் தானே ரகசியமாக வாங்கினார். அதற்குப் பணம்? பக்கத்து அறையில், ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் பென்ஷன் பணம் சும்மா உட்கார்ந்திருந்தது.

'எப்படி ஐயா முடியும்? அது அவர் பணம் இல்லையே, பூட்டு சாவி கிடையாதா?' என்று கேட்கிறீர்கள். பூட்டு இருந்தது. ரொம்பப் பழைய பூட்டு. அதைச் செய்தவரைப் பார்க்க ஓர் எண்ணூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

சட்ட மாணவர்களுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை இது. ஆங்கிலப் பிரபு ஒருவர் சிலுவைப் போருக்குக் கிளம்புகிறார். திரும்பி வர வருஷக்கணக்காகும், வராமலே போகலாம். நிலத்தை யார் பார்த்துக்கொள்வது? பால்ய நண்பன் இருக்கிறானே! அவன் பெயருக்கு எழுதிவைத்து, 'விளைச்சலை என் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கொடு, நான் வந்ததும் நிலத்தைத் திருப்பிக் கொடு' என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். வெயிலில் வெந்து, பாதிப் பல் உதிர்ந்து, ஊர் வந்து சேர்ந்தால், நண்பன் வாசலில் நின்று, 'யாருங்க நீங்க?' என்கிறான்.

பிரபு கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி பத்திரத்தைப் பார்த்தார். பத்திரத்தில் யார் பெயர்? நண்பன் பெயர். முடிந்தது கேஸ். ராஜாவிடம் போய் அழுதார். ராஜா தன் மந்திரியான சான்சலரிடம் தள்ளிவிட்டார். அந்தக் காலத்துச் சான்சலர்கள் பெரும்பாலும் பிஷப்புகள். அவர் பத்திரத்தை ஓரம் வைத்துவிட்டு நண்பனின் மனசாட்சியைப் பிடித்துக்கொண்டார். 'நிலம் உன் பெயரில் இருக்கட்டும், பலன் உனக்கில்லை' என்றார். இந்த ஏற்பாட்டுக்குத்தான் டிரஸ்ட் என்று பெயர், அந்த நண்பன்தான் டிரஸ்டி. ஆங்கிலச் சட்டம் பரவிய நாடுகளில் எல்லாம் கோடானுகோடி பென்ஷன் பணம் இன்றைக்கும் உட்கார்ந்திருப்பது இந்தத் தீர்ப்பின் மேல்தான். அதாவது, ஒரு நண்பனின் மனசாட்சியின் மேல்!

நடுவில் எட்டாம் ஹென்றிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. நிலத்தை இன்னொருத்தன் பெயரில் மறைத்துவைத்தால், சாவு வாரிசு சமயத்தில் ராஜாவுக்குச் சேர வேண்டிய வரும்படி போய்விடுகிறதே! 1536ல் ஒரு சட்டம் போட்டு, இந்த முறையை ஒழித்தேன் பார் என்றார். வக்கீல்கள் கொஞ்சம் காலம் யோசித்துவிட்டு, அதே ஏற்பாட்டுக்கு மேல் இன்னோர் அடுக்கு கட்டி, பழையபடி ஆரம்பித்தார்கள். பெண்டாட்டிகளை ஒழித்துக்கட்டத் தெரிந்த ஹென்றிக்கு டிரஸ்டை ஒழித்துக்கட்டத் தெரியவில்லை.

பென்ஷன் தனிக்கதை. 1684ல் லண்டன் துறைமுகச் சுங்கத்தில் மார்ட்டின் ஹார்ஷம் என்பவர் மனச்சோர்வு முற்றி வேலைக்கு லாயக்கில்லாமல் போனார். அரசாங்கம் கையைக் கடிக்காமல் ஒரு வழி கண்டுபிடித்தது. அவர் இடத்துக்கு வந்த புது ஆள், தன் 80 பவுண்டு சம்பளத்தில் பாதியை ஹார்ஷமுக்குக் கொடுத்துவிட வேண்டும். புது ஆளுக்கு எப்போது மனச்சோர்வு வந்தது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இரண்டு கதையும் 1921ல் சேர்ந்தன. கம்பெனிகள் பென்ஷன் நிதி வைத்தால் வரிச் சலுகை, ஆனால் பணம் திருப்பி எடுக்க முடியாத ஒரு டிரஸ்டில் இருக்க வேண்டும் என்றது பிரிட்டிஷ் அரசு. முதலாளி பணத்தைத் தன் கையிலிருந்து டிரஸ்டிகள் கையில் கொடுக்க வேண்டும். அருமையான திட்டம். டிரஸ்டிகளை யார் நியமிப்பது? முதலாளி. டிரஸ்டிகளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? அவர்கள் அங்கேயே வேலை பார்ப்பவர்கள்தானே, முதலாளி. பிரபு தன் நண்பனையாவது நம்பினார். இங்கே பிரபுவும் நண்பனும் ஒரே ஆள்.

மாக்ஸ்வெல் செய்தது இதுதான். தன் குழுமத்து பென்ஷன் நிதிகளின் முதலீட்டை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, அதைப் பார்த்துக்கொள்ள 'பிஷப்ஸ்கேட் இன்வெஸ்ட்மென்ட் மேனேஜ்மென்ட்' என்று ஒரு கம்பெனி வைத்தார். தலைவர்? வேறு யார்! பென்ஷன் நிதிக்குச் சொந்தமான ஷேர்கள் அவருடைய சொந்தக் கம்பெனிகளுக்கு 'கடனாக' போயின. அங்கிருந்து பேங்குகளுக்கு அடமானமாகப் போயின. பேங்குகள், யாருடைய ஷேர் இது என்று ரொம்பக் கிளறவில்லை. வட்டி வந்துகொண்டிருந்தது அல்லவா.

இதில் எனக்குப் பிடித்த பாத்திரம் மகன் இயன் மாக்ஸ்வெல். பிஷப்ஸ்கேட்டின் ஒரு டைரக்டர். பென்ஷன் ஷேர்களை மாற்றிக் கொடுக்கும் படிவங்கள் வந்தன, கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டீர்கள்? தம்பி கெவின் ஏற்கெனவே போட்டிருந்தான். அவ்வளவுதான் காரணம்! தம்பி போட்டால் அண்ணன் போடுவது குடும்பப் பாசம். டைரக்டரின் கடமை அது இல்லை என்று 1993ல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. கிரிமினல் வழக்கில் 1996ல் ஜூரி இருவரையும் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. ஆனால் அதற்கு முன்பே கெவின் 40 கோடி பவுண்டுக்கும் மேல் திவாலாகி, ஒரு தனிமனிதர் இவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலாக முடியுமா என்று பிரிட்டனையே வாயைப் பிளக்க வைத்திருந்தார்.

மற்ற டிரஸ்டிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் போர்டு மீட்டிங்கில், ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற அகலமுமாக, ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் ஒருவரைப் பார்த்து, 'சார், அந்த ஷேர் சர்டிஃபிகேட்டைக் கொஞ்சம் காட்டுறீங்களா?' என்று கேட்க நெஞ்சில் உரம் வேண்டும். மறுநாளும் அதே ஆஃபீஸுக்குத்தான் வேலைக்கு வர வேண்டும்.

வாயே திறக்காத இந்த டிரஸ்டிகளுக்கு நேர்மாறாக, வேறொரு பென்ஷன் நிதியில் வாயை மூடாத ஒருவரும் இருந்தார். சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில். சுரங்க பென்ஷன் நிதியில் பத்து டிரஸ்டிகள். ஐந்து பேர் நிர்வாகம், ஐந்து பேர் யூனியன். புதிய முதலீட்டுத் திட்டம் வந்தது. நிலக்கரிக்காரன் பணத்தை எண்ணெய்க் கம்பெனியில் போடுவதா, வெளிநாட்டுக்கு அனுப்புவதா, முடியாது என்று ஸ்கார்கில் முட்டுக்கட்டை போட்டார். கேஸ் ஹைகோர்ட்டுக்குப் போனது. வக்கீல் எதற்கு என்று தானே வாதாடினார். 1984ல் நீதிபதி மெகாரி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது இது: டிரஸ்டி தன் கொள்கையை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும், பென்ஷன் வாங்கப்போகிறவர்களின் நன்மைதான் முக்கியம், அது பெரும்பாலும் பண நன்மை. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பென்ஷன் வக்கீல்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு. முதலாளித்துவத்தை ஜென்மப் பகையாக நினைத்த மனிதர், முதலீட்டுச் சட்டத்துக்குச் செய்த சேவை இது.

அதே எண்பதுகளில் அரசாங்கம் அடித்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷேர் மார்க்கெட் ஏறி, பென்ஷன் நிதிகளில் தேவைக்கு மேல் பணம் சேர்ந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? நிதியமைச்சகம் முகத்தைச் சுளித்தது. இது வரி ஏய்ப்பு மாதிரி இருக்கிறதே! கொடுக்க வேண்டிய தொகைக்கு மேல் 5 சதவிகிதத்தைத் தாண்டி உபரி இருந்தால் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வரிச் சலுகை போய்விடும் என்று 1986ல் சட்டம் வந்தது. கம்பெனிகள் மனதில்லாமல், கண்ணீரோடு, நிதிக்குத் தங்கள் பங்கைச் செலுத்துவதை வருஷக்கணக்கில் நிறுத்திவைத்தன. மழைக்காலத்துக்குச் சேர்த்ததை வெயில் காலத்தில் செலவழிக்கச் சொல்லிச் சட்டம் போட்ட நாடு, பிறகு மழை பெய்தபோது குடை எங்கே என்று விசாரணைக் கமிஷன் வைத்தது.

கமிஷனுக்குத் தலைவர் பேராசிரியர் ராய் கூட். மாக்ஸ்வெல் மூழ்கடித்ததில் கணிசமான பகுதியை, முதலீட்டு வங்கிகள், ஆடிட்டர்கள், அரசாங்கம் எல்லாம் சேர்ந்து 1995ல் சுமார் 27.6 கோடி பவுண்டு கொடுத்து ஈடுகட்டினார்கள். கமிஷன் சிபாரிசையொட்டி அதே வருஷம் பென்ஷன் சட்டமும் வந்தது. டிரஸ்டிகளில் மூன்றில் ஒரு பங்கு ஊழியர்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கலாம். பென்ஷன் பணத்துக்குத் தனி பேங்க் கணக்கு. முதலாளிக்குக் கடன் கிடையாது. அவர் கம்பெனியில் நிதியின் 5 சதவிகிதத்துக்கு மேல் முதலீடும் கிடையாது. ஆடிட்டரையும், பென்ஷன் கணக்குப் போடும் ஆக்சுவரியையும் டிரஸ்டிகளே நியமிக்க வேண்டும். அவர்கள் தப்பைப் பார்த்தால் கட்டுப்பாட்டு அமைப்பிடம் போட்டுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவையும் படிக்கும்போது மாக்ஸ்வெலின் முகம் தெரிகிறது. தனி ஒரு மனிதருக்காக இவ்வளவு துல்லியமாக அளவெடுத்துத் தைத்த சட்டை வேறு எதுவும் இல்லை. என்ன, போட்டுக்கொள்ள அவர் இல்லை.

மூன்றில் ஒரு பங்கு என்றீர்களே, மீதி? அது முதலாளி பக்கம்தான். நன்றாக எண்ணிப் பாருங்கள்.

சரி, டிரஸ்டிகள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? 2001ல் பால் மைனர்ஸ் என்பவர் அரசுக்காக ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். 62 சதவிகித டிரஸ்டிகளுக்கு நிதி, முதலீட்டில் எந்தத் தொழில்முறைத் தகுதியும் இல்லை. கிட்டத்தட்டப் பாதிப்பேர் முதலீட்டு விஷயங்களுக்குத் தயார்செய்ய ஒதுக்கும் நேரம் மூன்று மணி அல்லது அதற்கும் குறைவு. நம் அபார்ட்மென்ட் அசோசியேஷன் தேர்தல் மாதிரிதான். கூட்டத்துக்கு வராதவரைச் செயலாளர் ஆக்கிவிடுவார்கள். வித்தியாசம், அங்கே தண்ணீர் டேங்க், இங்கே பல நூறு கோடி பவுண்டு.

2004ல் இன்னொரு சட்டம். டிரஸ்டிகளுக்கு பென்ஷன் விஷயத்தில் அறிவும் புரிதலும் இருக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. அடடா! அதுவரை எழுதப்பட்ட சட்டம் எதுவும் இதை இவ்வளவு வெளிப்படையாகக் கேட்கவில்லை. கூடவே, அடுத்த வருஷம் பற்களோடு ஒரு பென்ஷன் ரெகுலேட்டரும், கம்பெனி திவாலானால் கைகொடுக்க ஒரு பாதுகாப்பு நிதியும் வந்தன. ஏற்கெனவே ஓய்வு வயதைத் தாண்டியவர்களுக்கு முழுத்தொகை. மற்றவர்களுக்குச் சுமார் 90 சதவிகிதம். காசு எங்கிருந்து? ஒழுங்காக நடக்கும் மற்ற கம்பெனிகளின் பென்ஷன் திட்டங்களிடம் சந்தா வாங்கி! நல்ல பிள்ளைகள், போக்கிரிப் பிள்ளைகளுக்காக அபராதம் கட்ட வேண்டியதாயிற்று.

இனி யாரும் வாலாட்ட முடியாது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, இரண்டாவது சொகுசுக் கப்பல் வந்தது.

சர் ஃபிலிப் கிரீன். சில்லறை வணிகத்துக்குச் செய்த சேவைக்காக 2006ல் 'சர்' பட்டம் வாங்கியவர். மாக்ஸ்வெல் மாதிரி இவர் பென்ஷன் பெட்டியைத் திறக்கவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். இவர் செய்தது சட்டத்துக்கு உட்பட்டது, அதுதான் வேடிக்கையே. 2000ல் பி.எச்.எஸ். என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் சங்கிலியை 20 கோடி பவுண்டுக்கு வாங்கினார். அப்போது அதன் பென்ஷன் திட்டத்தில் உபரி இருந்தது. லாபம் வந்த வருஷங்களில் குடும்பத்துக்கு டிவிடெண்டாகக் கோடிகள் போயின. பிறகு பென்ஷனில் ஓட்டை விழுந்தது. டிரஸ்டிகள் பணம் கேட்டார்கள். கம்பெனி கொடுத்த அடைப்புத் திட்டம் 23 வருஷத் தவணை! அதற்குள் பென்ஷன் வாங்க வேண்டியவர்களில் பல பேர் பென்ஷன் தேவைப்படாத இடத்துக்கே போயிருப்பார்கள்.

2015ல் கிரீன் கடையை விற்றார். விலை ஒரு பவுண்டு. வாங்கியவர் டொமினிக் சாப்பல், முன்னாள் கார் பந்தய வீரர், முன்பே திவாலானவர், கடை நடத்திப் பழக்கமில்லாதவர். ஒரு பவுண்டு கொடுத்து வாங்கியவர் ஏமாந்தாரா, விற்றவர் ஏமாந்தாரா என்று பட்டிமன்றமே வைக்கலாம். 2016ல் கடை மூடுவிழா. 11 ஆயிரம் பேருக்கு வேலை போனது, பென்ஷனில் 57.1 கோடி பவுண்டு ஓட்டை.

நாடாளுமன்றக் குழு கிரீனைக் கூப்பிட்டு மணிக்கணக்கில் விசாரித்தது. மனிதர் அசரவில்லை. கேள்வி கேட்ட ஓர் எம்.பி.யைப் பார்த்து, என்னை அப்படி முறைத்துப் பார்க்காதீர்கள், தொந்தரவாக இருக்கிறது என்றார்! அதே வருஷம் அவருக்குப் புதிதாக வந்து சேர்ந்தது 'லயன்ஹார்ட்' என்ற 90 மீட்டர் சொகுசுக் கப்பல். விலை சுமார் 10 கோடி பவுண்டு என்றார்கள். ரிச்சர்ட் ராஜாவுக்கு இருந்த பட்டப்பெயர் அது, 'சிங்கநெஞ்சர்'. அவரும் சிலுவைப் போருக்குப் போனவர்தான். நிலத்தை நண்பனிடம் விட்டுவிட்டுப் போன நம் பிரபு, அவருடைய படையில்கூட இருந்திருக்கலாம்.

எம்.பி.க்கள் அவருடைய பட்டத்தைப் பிடுங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பட்டம் போகவில்லை. ஆனால் ரெகுலேட்டர் விடாமல் துரத்தியதில், 2017ல் கிரீன் 36.3 கோடி பவுண்டு வரை கொடுக்க ஒப்புக்கொண்டார். கொடுத்ததற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்; நம் ஊர்க் கோடீஸ்வரர்கள் சிலர் கப்பலோடு கடனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாப்பலுக்கு அந்த அளவு சொகுசு கிடைக்கவில்லை. ரெகுலேட்டர் கேட்ட தகவல்களைக் கொடுக்காததற்காக 2018ல் தண்டனை, 2020ல் வரி ஏய்ப்புக்காக ஆறு வருஷம் ஜெயில். ஒரு பவுண்டுக்கு இவ்வளவு வாங்கிக்கொண்டவர் வேறு யாரும் இல்லை.

கிரீனுக்கும் அளவெடுத்து ஒரு சட்டை தைத்தார்கள். 2021லிருந்து, நியாயமான காரணம் இல்லாமல், தெரிந்தே ஊழியர்களின் பென்ஷனை ஆபத்தில் தள்ளினால் பிரிட்டனில் ஏழு வருஷம்வரை சிறை. அடுத்த பெரிய மனிதர் வந்தால்தான் அடுத்த பிரிவு எழுதப்படும். அவர் எந்தக் கப்பலில் வருவார் என்பது மட்டும்தான் தெரியாது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று பத்திரிகையை மடித்துவிடாதீர்கள். அந்தப் பிரபுவின் நண்பனை 1882ல் இந்திய டிரஸ்ட் சட்டம் நம் ஊருக்குக் கூட்டிவந்துவிட்டது. 1952ம் வருஷத்து பி.எஃப். சட்டப்படி விலக்கு வாங்கிய கம்பெனிகள், ஊழியர்களின் பி.எஃப். பணத்தைத் தாங்களே ஒரு டிரஸ்டில் வைத்து நடத்தலாம். பல பெரிய கம்பெனிகள் நடத்துகின்றன. அதில் முதலாளி பக்கம் எத்தனை டிரஸ்டியோ, ஊழியர் பக்கமும் அத்தனை டிரஸ்டி இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திய லண்டனைவிட நாம் ஒரு படி மேல், காகிதத்தில்.

எனவே உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பி.எஃப். பிடித்தம் கம்பெனியின் டிரஸ்டுக்குப் போகிறது என்றால், உங்கள் பக்கத்து டிரஸ்டி யார் என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். பெயர் கிடைத்ததும் அவரைக் கேன்டீனில் பிடித்து, கடைசியாக எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள், படித்தீர்களா என்று விசாரியுங்கள். 'எனக்கு முன்னாடி இன்னொருத்தர் போட்டிருந்தார்' என்று பதில் வந்தால், அவருக்கு இயன் மாக்ஸ்வெல் கதையைச் சொல்லுங்கள். ஒருவேளை அந்த டிரஸ்டி நீங்களாகவே இருக்கலாம். உங்களுக்கே தெரியாமல் இருப்பதற்கும் வாய்ப்பு உண்டு. எதற்கும் பழைய ஈ-மெயிலில் தேடிப் பாருங்கள்.